இழுவைப் போட்டியும் டீசல் எஞ்சினின் சமநிலையும்

பலத்தைப் பரீட்சித்துப் பார்க்கும் ஆவல் மக்கட்கு இயல்பாய் உள்ளது. இளவட்டக்கல்லை எடுத்துக் காட்டுவதும், பாரவண்டியைப் பூட்டி எவருடைய எருதுகள் சிறந்தன என்று வழக்கிடுவதும் உழவர் வாழ்வில் நாம் காண்பனவே. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் உழவரிடையே இவ்வாவல் குதிரைகளைக் கொண்டு பாரம் இழுப்பிக்கும் போட்டியாக வளர்ந்தது. வயலிலே குதிரையின் இடத்தை டிராக்டர் பெற்றுக்கொண்டபோது, போட்டியிலும் அது குதிரையின் இடத்தைப் பெற்றது. 1929-ஆம் ஆண்டில் மிசௌரி மாகாணத்துப் பௌலிங் கிரீனிலும், ஒஹையோ மாகாணத்து வாகன்ஸ்வில்லிலும் யந்திரங்களைக் கொண்டு இழுவைப் போட்டிகள் நடைபெற்றன. ஊருக்கு ஒரு விதியாக இருந்த இவ்விளையாட்டிற்குப் பொது விதிகளை வகுக்கும் பொருட்டு 1969-இல் தேசிய டிராக்டர் இழுவையாளர் சங்கம் நிறுவப்பட்டது. டிராக்டர்களுக்குப் பின்னர், அந்நாட்டினர் பொருள் ஏற்றிச் செல்லும் சிறு டிரக்குகளும் களத்தில் இறங்கின. டீசல் எஞ்சின் பூண்ட டிரக்குகளுக்கென்றே இன்று தனி வகுப்புகள் உள்ளன.

போட்டியின் அமைப்பைச் சிறிது கூறுதல் வேண்டும். மண்ணை நனைத்து இறுக்கிய நேர்ப்பாதை ஒன்று. அதன் நீளம் ஏறக்குறைய 300 அடி. டிரக்கின் பின்னே பெரியதொரு சறுக்குவண்டி சங்கிலியாற் பிணைக்கப்படும். அவ்வண்டியின் பின்புறத்திற் சக்கரங்களும், முன்புறத்தில் மண்ணை உராய்ந்து செல்லும் எஃகுத் தட்டும் உண்டு. பாரம் நிறைந்த பெட்டியொன்று தொடக்கத்தில் பின்சக்கரங்களின்மேல் நிற்கும். வண்டி முன்னேற முன்னேற அப்பெட்டி முன்னோக்கி நகர்ந்து எஃகுத் தட்டின்மேல் வந்து அழுத்தும். ஆகவே முதலில் எளிதாய் வந்த சுமை ஒவ்வோர் அடியிலும் கடினமாகி, ஈற்றில் டிரக்கை நிறுத்தியே விடும். அதிக தூரம் இழுத்தவரே வென்றவர். முழுத் தூரத்தையும் பலர் கடப்பராயின், பாரத்தைக் கூட்டி அவர்களை மீண்டும் இழுக்கச் செய்வர்.

ஓர் இழுப்பு முடிவதற்குச் சில விநாடிகளே ஆகும். அச்சில விநாடிகளுக்காக ஓர் எஞ்சினைக் கழற்றி, அளந்து, கடைந்து, நிறுத்து, மீண்டும் பூட்டுவதற்கு மாதக்கணக்கில் உழைக்கின்றனர். எண்ணெயையும் காற்றையும் இன்னும் சிறிது மிகுதியாக ஊட்டினால் ஆற்றல் பெருகாதோ, இத்துணைப் பாடு எதற்கு என்று கேட்கலாம். ஆற்றல் பெருகும் என்பது உண்மையே. ஆயினும் அவ்வாற்றலைத் தாங்கவேண்டியதும் அதே எஞ்சின் என்பதை நாம் மறத்தலாகாது. சறுக்குவண்டி எஞ்சினை எதிர்க்கின்றது. அதனினும் கொடுமையாக எஞ்சினின் சொந்த உறுப்புகளே அதனை எதிர்க்கின்றன. இக்கூற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஜெர்மானியராகிய ருடால்ப் டீசல் என்பார் 1897-ஆம் ஆண்டில் ஆக்ஸ்பர்க் நகரிலே தம் எஞ்சினை வெற்றியுடன் ஓட்டிக் காட்டினார். பெட்ரோல் எஞ்சினிற் போல மின்பொறி இதற்கு வேண்டுவதில்லை. சிலிண்டரினுள் அடைபட்ட காற்றைப் பிஸ்டன் மிக இறுக்கமாக அழுத்தும்போது அக்காற்று 500 பாகை செல்சியசிற்கும் மேலாகச் சூடேறுகின்றது. அவ்வெப்பத்தினுள் எண்ணெய் பீச்சப்பட்டதும் தானே பற்றி எரிகின்றது. இவ்வழுத்தத்தைத் தாங்கும் பொருட்டு டீசல் எஞ்சினின் உறுப்புகள் இயல்பாகவே பருத்தவை, எடை மிக்கவை. மெதுவாகவும் நெடுநேரமாகவும் உழைப்பது அதன் குணம். 1931-இல் இண்டியானாபோலிஸ் 500 மைல் பந்தயத்திலே கம்மின்ஸ் நிறுவனத்தாரின் டீசல் கார் ஒன்று இடையில் எங்கும் நிற்காமலே முழுத் தூரமும் ஓடி, பதின்மூன்றாவதாக வந்தது. விரைவுக்காக அன்று, அயராமைக்காகவே டீசல் அன்று புகழ்பெற்றது.

அந்நிறுவனத்தாரின் 5.9 லிட்டர் எஞ்சினையே நாம் உதாரணமாகக் கொள்வோம். 1989-ஆம் ஆண்டு மாதிரியாக வந்த டாட்ஜ் டிரக்குகளில் முதன்முதல் இடம்பெற்ற இவ்வெஞ்சின், இழுவைக் களங்களில் நெடுங்காலமாகப் பலரும் விரும்பி எடுத்துக்கொள்ளும் ஒன்று. ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர்கள். சிலிண்டரின் விட்டம் 102 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலுங்கீழுமாகச் செல்லும் தூரம் 120 மில்லிமீட்டர். கிராங்குத் தண்டை ஏழு பேரிங்குகள் தாங்கும். அவ்வாண்டில் அது நிமிடத்திற்கு 2,500 சுற்று வேகத்தில் 160 குதிரைத்திறன் தருவதாக அமைக்கப்பட்டிருந்தது. இழுவைக்கென மாற்றியமைத்தவர்களோ இதே குடும்பத்து எஞ்சின்களிலிருந்து ஆயிரம் குதிரைத்திறனுக்கு மேலும், உயர்ந்த வகுப்புகளில் இரண்டாயிரத்திற்கு மேலும் பெறுகின்றனர். சுற்று வேகமோ 5,000-ஐ எட்டியும் கடந்தும் செல்கின்றது.

வேகம் எல்லை கடவாதபடி காப்பது எண்ணெய்ப் பம்பினுள் இருக்கும் கவர்னர் என்னும் கருவி. அதிலுள்ள சுருள்வில்லை மாற்றினால் எஞ்சின் முன்னிலும் விரைந்து சுழலும். வில் சிறியது, மாற்றும் வேலையும் சிறியதே. ஆனால் அவ்வில்லைக் குறித்தவர்கள், "இவ்வேகத்திற்குள் எம்முடைய உறுப்புகள் தாங்கும்" என்று உறுதி கூறியவர்கள். வில்லை மாற்றுவோன் அவ்வுறுதியை நீக்கிவிட்டுப் பொறுப்பு முழுவதையும் தன் தலைமேல் ஏற்றுக்கொள்கிறான். எஞ்சினைப் புதுக்கும் வேலை அனைத்தும் அப்பொறுப்பைத் தீர்க்கும் வேலையே.

பொறுப்பின் அளவைக் கணக்கினாற் காண்போம். கயிற்றில் கல்லைக் கட்டிச் சுழற்றினால் அது கையை வெளியே இழுக்கின்றது. வேகத்தை இரட்டித்தால் இழுப்பு இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகின்றது. கிராங்குத் தண்டின் வளைவு, நடு அச்சிலிருந்து 60 மில்லிமீட்டர் தள்ளி அமைந்துள்ளது. அவ்விடத்தில் ஒரு கிராம் எடை மிகுதியாயிருப்பின், நிமிடத்திற்கு 2,500 சுற்றில் அஃது ஏறக்குறைய 420 கிராம் எடைக்கு நிகரான விசையுடன் வெளியே இழுக்கும். 5,000 சுற்றிலோ ஏறக்குறைய 1,680 கிராம். அஃதாவது, பத்துக் கிராம் வேறுபாடு பதினேழு கிலோகிராம் அளவான இழுப்பாக மாறுகின்றது. அவ்விழுப்பும் ஒரே திசையில் நில்லாமல், விநாடிக்கு எண்பத்துமூன்று முறை திசை சுற்றி வருகின்றது. சாலையில் ஓட்டுநர் அறியாத பிழை களத்திலே பேரிங்கை உடைக்கும் சம்மட்டியாகிவிடுகின்றது.

பிஸ்டனின் நிலைமை இதனினும் கடுமையானது. அது சுழல்வதன்று, மேலே சென்று, நின்று, கீழே திரும்புவது. 5,000 சுற்றில் அதன் சராசரி வேகம் விநாடிக்கு 20 மீட்டர். அவ்வேகத்தினின்று முற்றும் நின்று மறுபுறம் திரும்புகையில், அதன் ஒவ்வொரு கிலோகிராம் எடையும் மேல்முனையில் ஏறக்குறைய 2,200 கிலோகிராம் விசையோடு கனெக்டிங் ராடை மேல்நோக்கி இழுக்கின்றது. எண்ணெய் எரியும் முறையில், எரிவாயுவின் அழுத்தம் இவ்விழுப்பை எதிர்த்து ஈடுசெய்யும். எரிந்த புகையை வெளியேற்றும் முறையிலோ எதிர்ப்பு யாதுமின்மையால், முழு இழுப்பையும் ராடின் கீழ்முனையிலுள்ள இரண்டு போல்ட்டுகளே தாங்குதல் வேண்டும். ஆற்றலை உண்டாக்கும் வெடிப்பைக் கண்டே நாம் அஞ்சுகிறோம். யாதொரு வெடிப்புமில்லாத அந்தக் கணமே போல்ட்டுக்குப் பெருஞ்சோதனை.

இனி, ஆறு சிலிண்டர் வரிசையின் சிறப்பொன்றை அறிதல் நலம். கிராங்குத் தண்டின் வளைவுகள் 120 பாகை இடைவெளியில் மூன்று திசைகளில் அமைந்துள்ளன. முதலும் ஆறாவதும், இரண்டாவதும் ஐந்தாவதும், மூன்றாவதும் நான்காவதுமான பிஸ்டன்கள் இணைந்து இயங்கும். ஓர் இணை மேலே இழுக்கும்போது மற்ற இணைகள் கீழே இழுத்து அதனை ஈடுசெய்கின்றன. முன்பாதி பின்பாதியின் நிழல்போல் அமைந்திருப்பதால், எஞ்சினை முன்னும் பின்னுமாக ஆட்டும் விசையும் ஒழிந்துவிடுகின்றது. வி வடிவில் எட்டுச் சிலிண்டர்கள் கொண்ட எஞ்சினுக்கு இவ்வசதி இயல்பாக இல்லை. அதன் தண்டைச் சமன் செய்கையில், பிஸ்டன், ராடு ஆகியவற்றின் எடைக்கு ஏற்ப அளந்த போலிப் பாரங்களை வளைவுகளில் மாட்டியே சுழற்றுதல் வேண்டும். ஆறு சிலிண்டர் தண்டை அவ்வாறு மாட்டாமலே சுழற்றிச் சமன் செய்யலாம்.

ஆயினும் இச்சிறப்பு ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. ஆறு பிஸ்டன்களும் ஆறு ராடுகளும் எடையில் ஒத்திருந்தால் மட்டுமே விசைகள் ஒன்றையொன்று ஈடுசெய்யும். கணிதம் காகிதத்தில் ஒப்புமையை எடுத்துக்கொள்கின்றது. உலோகத்திலோ அதனை நாமே உண்டாக்குதல் வேண்டும். சமனாக்கும் வேலை என்பது இதுவே. டால்பி என்னும் ஆங்கிலப் பேராசிரியர் எஞ்சின்களைச் சமன் செய்வது பற்றி 1902-இலேயே தனி நூல் வெளியிட்டார் என்பதிலிருந்து, இக்கேள்வி எத்துணைப் பழமையானது என்பதை உணரலாம்.

வேலையின் வரிசையை இப்போது காண்போம். முதலாவது கழற்றுதல். கழற்றுபவன் ஒவ்வோர் உறுப்பையும் அதன் இடத்தின் எண்ணால் அடையாளமிடுவான். பேரிங்குத் தொப்பிகள் தத்தம் இடத்திலேயே கடையப்பட்டவை. இடம்மாறிப் பூட்டினால் துளையின் வட்டம் கெடும். பிறகு எண்ணெயும் கரியும் நீங்கக் கழுவிக் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளைத் தேடுவான். எஃகுறுப்பைக் காந்தமாக்கி அதன்மேல் நுண்ணிய இரும்புத்துகளைத் தூவினால், வெடிப்புள்ள இடத்தில் துகள்கள் கோடாகத் திரண்டு நிற்கும். அத்தகைய கோடு காணப்பட்ட ராடையோ தண்டையோ மீண்டும் பயன்படுத்துவது பேதைமை. இவ்வெஞ்சினின் பழைய மாதிரிகளில், முன்புறப் பற்சக்கர உறையை நிலைநிறுத்தும் சிறு எஃகு முளையொன்று நாட்பட்ட அதிர்வினாற் கழன்று பற்சக்கரங்களிடையே விழக்கூடும். அது மீண்டும் வெளிவாராதபடி சிறு தகட்டால் தடுத்துவைப்பது வழக்கம். விரலளவும் இல்லாத அம்முளை முழு எஞ்சினையும் நிறுத்தவல்லது.

இரண்டாவது கடைதல். இவ்வெஞ்சினின் சிலிண்டர்களுக்குத் தனிக்குழாய்கள் இல்லை. பிளாக்கிலேயே அவை குடையப்பட்டுள்ளன. தேய்ந்திருப்பின் அரை மில்லிமீட்டரோ ஒரு மில்லிமீட்டரோ பெரிதாகக் குடைந்து அதற்கேற்ற பிஸ்டன் இடுவர். குடையும்போது, பிளாக்கின்மேல் கனத்த எஃகுத் தகடொன்றைச் சிலிண்டர் ஹெட்டை இறுக்கும் அதே இறுக்கத்துடன் பூட்டிக்கொள்வர். ஹெட்டை இறுக்கியவுடன் சிலிண்டரின் வடிவம் சற்று மாறும். தளர்ந்த நிலையில் வட்டமாய்க் குடைந்தது, இறுகிய நிலையில் வட்டமாயிராது. கிராங்குத் தண்டின் ஏழு பேரிங்குத் துளைகளும் ஒரே நேர்கோட்டில் உள்ளனவா என்று பார்த்துத் திருத்துவதும் இங்கேயே. தண்டுக்கும் பேரிங்குக்கும் இடையே எண்ணெய் தங்கும் இடைவெளி, தண்டின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது பட்டறையின் பழைய கைக்கணக்கு. 69 மில்லிமீட்டர் விட்டமுள்ள ராடுப் பேரிங்குக்கு அஃது ஏறக்குறைய 0.07 மில்லிமீட்டர் ஆகும். தண்டு உண்மையில் உலோகத்தின்மேல் அன்று, அம்மெல்லிய எண்ணெய்ப் படலத்தின்மேலேயே மிதக்கின்றது.

மிக உயர்ந்த வகுப்புகளில், நீர் ஓடும் அறைகளைச் சிமெண்டுக் கலவையால் நிரப்பிப் பிளாக்கை உறுதிப்படுத்துவோரும், நீரறையே இல்லாத திண்ணிய பிளாக்கைப் பயன்படுத்துவோரும் உளர். சில விநாடிகள் மட்டும் உழைப்பதற்குக் குளிர்நீர் இன்றியும் தாளும். அத்தகைய எஞ்சின் சாலைப் பிரயாணத்திற்கு உதவாது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

மூன்றாவது நிறுத்தல். கடையும் வேலை யாவும் முடிந்த பின்னரே நிறுத்தல் வேண்டும். நிறுத்த பின் கடைந்தால் நிறுத்தது வீண். ஆறு பிஸ்டன்களையும் தராசிலிட்டு, எல்லாவற்றினும் எடை குறைந்ததைக் கண்டு, ஏனையவற்றின் உட்புறத்தில் வலிமைக்குப் பழுதில்லாத இடத்திலே சிறிது சிறிதாகக் கடைந்து, எல்லாம் ஒரு கிராம் எல்லைக்குள் ஒத்துவரச் செய்வர். பிஸ்டன் பின்களும் ரிங்குகளும் அவ்வாறே நிறுக்கப்படும். ராடை நிறுப்பதில் ஒரு நுட்பம் உண்டு. அதன் மேல்முனை பிஸ்டனோடு மேலுங்கீழும் செல்கின்றது. கீழ்முனை தண்டோடு சுழல்கின்றது. ஆகவே முழு எடை ஒத்திருந்தால் மட்டும் போதாது. இரு முனைகளும் தனித்தனியே ஒத்திருத்தல் வேண்டும்.

எடுத்துக்காட்டாக, ஒரு ராடின் கீழ்முனை 1,200 கிராம், மேல்முனை 600 கிராம் எனவும், மற்றொன்றின் கீழ்முனை 1,190, மேல்முனை 610 எனவும் கொள்வோம். இரண்டும் தராசில் 1,800 கிராமே காட்டும். சந்தைத் தராசுக்கு அவை சமம். எஞ்சினுக்கு அவை சமமல்ல. மேலுங்கீழுமான திசையில் ஒரு வேறுபாடு மற்றதை ஓரளவு ஈடுசெய்யினும், பக்கவாட்டில் ஏறக்குறைய 17 கிலோகிராம் விசை ஈடின்றி எஞ்சி நிற்கும். ஆதலின் ராடைக் கிடையாகப் பிடித்து, ஒரு முனையைத் தாங்கியிலும் மறு முனையைத் தராசிலும் வைத்து, பின்னர் முறை மாற்றி வைத்து, இரு முனைகளையும் தனித்தனியே நிறுக்கின்றனர். இத்தகைய நிறுவையில் அவசரக்காரனுக்கு இடமில்லை.

நான்காவது தண்டைச் சுழற்றிச் சமன் செய்தல். சமநிலை இருவகைப்படும். தண்டை இரண்டு மட்டமான கத்திமுனைகளின்மேல் வைத்தால், எடை மிகுந்த பக்கம் தானே உருண்டு கீழே வந்து நிற்கும். எந்நிலையில் விட்டாலும் அந்நிலையிலேயே நிற்குமாயின் அது நிலைச்சமன். ஆனால் நீண்ட உருளையொன்றின் இடக்கோடியில் மேற்புறத்திலும், வலக்கோடியில் கீழ்ப்புறத்திலும் ஒரே எடையைப் பதித்தோமென்று நினையுங்கள். கத்திமுனையில் அஃது அசையாது நிற்கும். சுழற்றினாலோ இருமுனைகளும் எதிரெதிர்த் திசைகளில் இழுத்துத் தண்டை உலுக்கும். இப்பிழையைச் சுழற்சியில் மட்டுமே அறியலாம். ஆகவே தண்டை இரண்டு மெல்லிய தாங்கிகளின்மேல் வைத்து நிமிடத்திற்குச் சில நூறு சுற்று வேகத்திற் சுழற்றுகின்றனர். தாங்கிகளின் அசைவை அளக்கும் கருவி, ஒவ்வொரு முனையிலும் எத்துணை எடை எந்தக் கோணத்தில் மிகுந்துள்ளது என்று காட்டும்.

மிகுந்த இடம் தெரிந்தபின், தண்டின் எதிர்ப்பாரத்தைத் துளைத்து எடை குறைக்கின்றனர். முன்கூறிய பத்துக் கிராம் பிழையையே கொள்வோம். 60 மில்லிமீட்டர் தூரத்திலுள்ள 10 கிராமுக்கு, 100 மில்லிமீட்டர் தூரத்திலுள்ள 6 கிராம் நிகராகும். 12 மில்லிமீட்டர் துறப்பணம் கொண்டு ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் ஆழம் துளைத்தால் 6 கிராம் எஃகு வெளிவரும். ஒரு விரலின் நகம் அமரும் அளவான குழி, பதினேழு கிலோகிராம் விசையை இல்லாதொழிக்கின்றது. எடை கூட்டவேண்டிய இடங்களில், இரும்பினும் இருமடங்குக்கு மேல் அடர்த்தியுள்ள டங்ஸ்டன் கலவைத் துண்டைத் துளையிற் செருகுவர்.

பிளைவீலும் கிளட்சும் தண்டோடு சேர்ந்தே சுழல்வன. ஆதலின் அவற்றையும் சமன் செய்து, எந்நிலையிற் பூட்டப்பட்டன என்பதைக் குறியிட்டு வைத்தல் வேண்டும். குறியின்றிக் கழற்றி வேறு கோணத்திற் பூட்டினால் பட்ட பாடெல்லாம் பாழாகும்.

இவ்வளவும் செய்த பின்னரும் ஓர் எதிரி எஞ்சி நிற்கின்றான். எடைச்சமநிலையே எல்லாம் என்று கருதுவோர் இவனிடம் தோற்பர். ஆறு சிலிண்டர் எஞ்சினில் தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் மூன்று சிலிண்டர்கள் எரிகின்றன. ஒவ்வோர் எரிவும் தண்டை முறுக்க, தண்டு மீண்டும் தன்னிலைக்கு வருகின்றது. ஈரத்துணியைப் பிழிவதுபோல் நிகழும் இம்முறுக்கு 3,000 சுற்றில் விநாடிக்கு 150 முறையும், 5,000 சுற்றில் 250 முறையும் நேர்கின்றது. தண்டுக்கோ மணியைப்போல் தனக்கென ஓர் இயல்பான அதிர்வு உண்டு. முறுக்கின் தாளமும் தண்டின் இயல்பான தாளமும் ஒன்றினால், சிறு முறுக்கும் பெருகிப் பெருகித் தண்டையே ஒடித்துவிடும். எத்துணை நுண்ணிய தராசும் இதனைத் தடுக்காது. ஏனெனில் இஃது எடையின் பிழையன்று, முறுக்கத்தின் விளைவு.

இதற்கு மருந்து, தண்டின் முன்முனையிற் பூட்டப்படும் அதிர்வடக்கி. லாஞ்செஸ்டர் என்னும் ஆங்கிலப் பொறியாளர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தகைய கருவியை வகுத்தவர்களுள் ஒருவர். சாதாரண டிரக்குகளில், ரப்பரால் ஒட்டப்பட்ட இரும்பு வளையம் இவ்வேலையைச் செய்யும். இழுவை எஞ்சின்களிலே, மூடிய உறையினுள் கெட்டியான சிலிக்கோன் குழம்பில் மிதக்கும் கனத்த வளையத்தை விரும்புகின்றனர். தண்டு துடிக்கும்போது உறை அதனோடு துடிக்கும். உள்வளையமோ சீராகச் சுழலும். இடையிலுள்ள குழம்பு அத்துடிப்பை உராய்வினால் வெப்பமாக்கி அழிக்கும். எடையைச் சமன் செய்யும் ஆவலில் இவ்வுறையைத் துளைத்தல் ஆகாது. துளைத்தால் குழம்பு ஒழுகிப்போம். உள்வளையம் மிதப்பதால், அதனைத் தண்டிற் பூட்டிச் சமன்யந்திரத்திற் சுழற்றினாலும் அளவு நிலையாய் வாராது. ஒரு நோயின் மருந்தை மற்றொரு நோய்க்குக் கொடுப்பவன் இரண்டையும் கெடுப்பான் என்பது வைத்தியத்திற்கு மட்டும் உரிய விதியன்று.

ஐந்தாவது பூட்டுதல். தூசி நுழையாத இடத்தில், கை துடைத்து, ஒவ்வோர் இடைவெளியையும் மீண்டும் அளந்து பூட்டுகின்றனர். ராடுப் போல்ட்டுகளை முறுக்கும் பலத்தைக் கொண்டு மட்டும் இறுக்காமல், போல்ட்டு எத்துணை நீண்டது என்பதை அளந்து இறுக்குவது சிறந்த முறை. உராய்வு மிகுந்தால் முறுக்கும் பலம் பொய் சொல்லும், நீளமோ பொய் சொல்லாது. அதிக வெப்பத்தில் ரிங்குகள் விரிந்து முனைகள் முட்டாதபடி, அவற்றின் இடைவெளியைச் சாலை எஞ்சினினும் சற்று மிகுதியாக விடுவர். வால்வுகளை மூடும் சுருள்விற்களையும் உயர்ந்த வேகத்திற்கேற்ப வலியனவாக மாற்றுவர். இல்லையேல் வால்வு மூடுமுன் பிஸ்டன் மேலேறி அதனை முட்டும். அளந்த எண் ஒவ்வொன்றும் குறிப்பேட்டில் எழுதப்படும். அடுத்த முறை எஞ்சினைத் திறக்கும்போது, எது தேய்ந்தது, எது மாறியது என்று சொல்லவல்ல சாட்சி அக்குறிப்பேடு ஒன்றே.

இவ்வாறெல்லாம் செய்தும் எஞ்சின் சிதையாதென்று எவரும் உறுதி கூறார். ஆதலின் பிளைவீல் உடைந்தாலும் துண்டுகள் வெளிப்படாதபடி உறுதியான எஃகு உறையும், எஞ்சினின் இருபுறத்தும் தடுப்புத் தகடுகளும் அமைக்கின்றனர். டீசல் எஞ்சினுக்கு மின்பொறி இல்லாமையால் மின்சாரத்தை நிறுத்தி அதனை அடக்க இயலாது. எண்ணெய் கிடைக்கும்வரை அஃது ஓடிக்கொண்டேயிருக்கும். பேரிங்கு வழியாகக் கசியும் எண்ணெயையே உறிஞ்சி ஓடுவதும் உண்டு. எனவே காற்று நுழையும் வாயையே அடைக்கும் கதவொன்றை வைத்து, அதன் கயிற்றைச் சறுக்குவண்டியோடு பிணைத்துவிடுகின்றனர். டிரக்கு வண்டியினின்று அறுபட்டு ஓடுமாயின், கயிறு இழுபட்டு, கதவு மூடி, எஞ்சின் மூச்சடங்கி நிற்கும். பாதையின் இருபுறத்தும் குழந்தைகளோடு அமர்ந்திருக்கும் மக்கள் எஞ்சினின் கணக்கை அறியார். அவர்கள் பொருட்டுக் கணக்கிடவேண்டியவன் அதனைப் பூட்டியவனே.

பன்னிரண்டு விநாடி நீடிக்கும் ஓர் இழுப்பில், 5,000 சுற்று வேகத்திலே தண்டு ஆயிரம் முறை சுழல்கின்றது. கூட்டத்தினர் காண்பது புகையும், முழக்கமும், முன்சக்கரங்களின் துள்ளலும். அவ்வாயிரம் சுற்றுகளிலும் ஒன்றையொன்று ஈடுசெய்து ஓசையின்றி ஒழிந்துபோகும் விசைகளை எவரும் காண்பதில்லை. அவை காணப்படாமையே வேலையின் வெற்றி. பௌதிக வகுப்பிலே, சுழலும் பொருளின் விசை வேகத்தின் இருமடிக்கேற்ப வளரும் என்னும் சூத்திரத்தைப் பரீட்சைக்காக மனனஞ் செய்கிறோம். அச்சூத்திரம் ஒரு பட்டறையிலே, தராசின் முன் அமர்ந்து அரைக் கிராமுக்காக அரத்தை மீண்டும் எடுக்கும் கையாக உருக்கொள்கின்றது. ஆற்றலைக் கூட்டுவதற்கு முன்னர் வேறுபாட்டைக் குறைத்துக்கொள்ளுதல் வேண்டும் என்பதே அக்கை நமக்குக் கூறும் பாடம். மெதுவாய்ச் செல்லும்போது பொறுத்துக்கொள்ளப்படும் பிழை, விரைந்து செல்லும்போது பொறுத்துக்கொள்ளப்படுவதில்லை.